மெஷின் துப்பிய புத்தகம்

எங்கள் நூலகத்துக்கு மெஷின் வந்ததில் அதிகம் மனம் குளிர்ந்தவன் என் தங்கை புருஷன்தான்.

திரும்பி வரும் புத்தகங்களை வாங்கி வைக்கும் கவுண்டரில் இருப்பவள் நான். தங்கையை அவன் கைநீட்டி அடித்ததை வீடேறிப் போய்க் கேட்டேன். அன்றோடு அந்த வீட்டு வாசல் எனக்கு அடைபட்டது. அவளுடைய போனையும் பிடுங்கிக்கொண்டான். மகளுக்குக் கதைப் புத்தகம் இல்லாமல் தூக்கம் வராது என்பதால் நூலகத்தை மட்டும் அவனால் தடுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளைப் பைக் டேங்கில் உட்காரவைத்துக்கொண்டு வெளியே காத்திருப்பான். தங்கை உள்ளே வந்து வரிசையில் நின்று, பின்னால் வருபவர்களை எல்லாம் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக என்னிடம் வருவாள். பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல நான் இழுத்தடிப்பேன். அதற்குள் பேசுவதைப் பேசிக்கொள்வோம். அக்கா தங்கை என்று எங்களுக்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

அதற்கும் வேட்டு வைத்தார்கள். வெளிச்சுவரில் மெஷினைப் பதித்தார்கள். புத்தகத்தைத் தள்ளினால் பின்னட்டையில் ஒட்டிய சிப்பைப் படித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். போனில் கேட்டுவைத்த அடுத்த புத்தகம் பக்கத்துப் பெட்டியில் தயாராக இருக்கும். போன் அவனிடம். அவள் தள்ளுவாள், எடுப்பாள், பின்சீட்டில் ஏறுவாள். ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் வயிறெரிந்துகொண்டு நிற்பேன்.

"பாத்தீங்களாம்மா, கியூவே இல்ல" என்றார் நூலகர், பல்லெல்லாம் தெரிய.

"அந்தக் கியூலதான் சார் என் தங்கச்சி நின்னா."

"யாருக்கும்மா கியூல நிக்கப் பிடிக்கும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

பெட்டிகளில் புத்தகம் வைப்பது என் வேலை. அவள் பெயருக்கு வந்த புத்தகத்தின் சிப்பை நகத்தால் உரித்துக் குப்பையில் போட்டேன். அடுத்த ஞாயிறு மெஷின் அந்தப் புத்தகத்தை வெளியே துப்பியது. கவுண்டரை அணுகவும் என்று திரையில் எழுத்து வந்தது. அவள் உள்ளே வந்தாள். கன்னம் கன்றிப்போயிருந்தது.

"வந்துடுடி, எங்கூட இரு" என்றேன்.

"பாக்கலாம்க்கா."

வாரம் விட்டு வாரம் உரித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆசை யாரை விட்டது. எல்லா வாரமும் உரித்தேன். இந்த ஞாயிறு துப்பிய புத்தகத்தோடு அவனே உள்ளே வந்தான். அவளுடைய கார்டை என் முன்னால் விட்டெறிந்தான்.

"எப்பப் பாத்தாலும் உள்ள போ, உள்ள போங்குது. கார்டக் கேன்சல் பண்ணு. இனிமே இந்தப் பக்கமே வர மாட்டோம்."

கார்டை எடுத்து அவன் பக்கமே தள்ளினேன். "கார்டு அவ பேர்ல இருக்கு. அவதான் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

அப்படி ஒரு விதியே கிடையாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எல்லாத்துக்கும் மெஷின் வச்சிருக்கீங்க, இதுக்கு இல்லையா?"

"இல்ல. போய்க் கூட்டிட்டு வாங்க."

வந்தாள். மகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு வெற்றுத்தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினேன். அவள் பேனாவைத் தொடவில்லை.

"அக்கா, அந்தக் கதவைத் திற."

கவுண்டருக்குப் பக்கத்தில் எங்களுக்கென்று இருக்கும் இடுப்புயரக் கதவு. தாழ்ப்பாளை நீக்கினேன். மகளை முதலில் உள்ளே விட்டு, பின்னாலேயே தானும் வந்து, தாழ்ப்பாளை அவளே போட்டாள்.

"ஏய், என்னடி இது? வெளிய வா." கவுண்டரில் ஓங்கி அடித்தான். படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நூலகர் ஓடி வந்து, "சார், சத்தம் போடாதீங்க, இது லைப்ரரி" என்றார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மேஜையில் இருந்த தடித்த அகராதியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கதவைத் தாண்டினால் அவன் மண்டையில் போட்டிருப்பேன், சத்தியமாக. தங்கை என் தோளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நீ வீட்டுக்குப் போ" என்றாள் அவனிடம். "நாங்க வரல."