யாரை முதலில் கூப்பிட்டீர்கள்?

“இருங்க, இருங்க, தண்ணி ஊத்தாதீங்க,” என்று சொல்லிக்கொண்டே ஷாமினி அப்பாவைக் கிடத்தியிருந்த பலகையின் அருகில் குந்தினாள். சட்டையைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. இதயத் துடிப்பைப் பார்க்க ஆம்புலன்ஸ்காரர்கள் ஒட்டிய வட்டத் துண்டுகள் மூன்று, அப்பாவின் நெஞ்சில் அப்படியே இருந்தன. செம்பும் கையுமாக நின்ற தம்பி யுகேந்திரன் ஒதுங்கி வழிவிட்டான். அவள் தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு ஓரங்களில் தடவி மெல்ல மெல்ல உரித்தாள். பசையோடு இரண்டு மூன்று நரைமுடிகளும் வந்தன.

“அவருக்கு வலிக்காதுக்கா. சீக்கிரம் எடு லா,” என்றான் யுகேந்திரன். சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நேற்றுக் காலை பசியாறிவிட்டு எழுந்தவருக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வந்தது, தூக்கிப்போனது, மருத்துவமனையில் அரை மணி நேரம் போராடினார்கள். பத்தரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

ஷாமினி பல்கலைக்கழகத்தில் அவசர மருத்துவ உதவியைப் பற்றி ஆராய்பவள். வீட்டில் ஒருவர் திடீரென்று விழுந்தால் குடும்பம் யாரை முதலில் கூப்பிடுகிறது என்பதுதான் அவளுடைய மூன்று வருட வேலை. கிள்ளானில் தொடங்கி செந்தூல் வரை இருநூறு வீடுகளில் ஏறி இறங்கிக் கண்டுபிடித்தது இதுதான்: நம் ஆட்களுக்கு நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் நினைவுக்கு வராது. பெரிய மகன் நினைவுக்கு வருவான், சொந்தமாகக் காடி ஓட்டும் மச்சான் நினைவுக்கு வருவான். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மீட்புப் படகைக் கேட்காமல் ஜொகூரில் இருக்கும் மகளை அழைத்துக் கதை சொன்னவர்களும் உண்டு. இப்படிப் போகும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் உயிரும் போய்விடுகிறது.

அந்த வீடுகளுக்கெல்லாம் அவளைக் காடியில் கொண்டுபோனவர் அப்பாதான். அவள் உள்ளே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கையில் அவர் வெளியே பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக்கொள்வார். “மொதல்ல டிரிபிள் நைன் போட்டு ஆம்புலன்ஸ். பொறவுதான் புள்ளைங்க. என் மக சொல்றா, சும்மா இல்ல, பிஎச்டி,” என்பார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

அப்படிப்பட்ட மனிதர் நேற்று என்ன செய்தார்? அவளைக் கூப்பிட்டார். ஒன்பது நாற்பத்தொன்று, நாற்பத்தைந்து, நாற்பத்தொன்பது. மூன்று முறை.

அந்த நேரத்தில் அவள் பங்சாரில் ஒரு ஓட்டல் அரங்கத்தில் நின்று, குடும்பத்தைக் கூப்பிடுவதில் வீணாகும் நிமிடங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கொடுமையைப் பாருங்கள், அதைப் பற்றியேதான். மடிக்கணினிக்குப் பக்கத்தில் போன் சத்தமில்லாமல் ஒளிர்ந்தது. ‘அப்பா’ என்று திரையில் பார்த்தாள். அவர் ஒரு நாளைக்கு நாலு தரம் கூப்பிடுகிறவர். அவள் இருக்கும் சுபாங் ஜெயாவில் மழையா என்று கேட்பார், ஆட்டிறைச்சி வாங்கட்டுமா என்பார், சில நாள் ஒன்றுமே இல்லாமல் சும்மா இருமுவார். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நேற்றிலிருந்து அவள் மனம் அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தது. மூன்று அழைப்பு, எட்டு நிமிடம். அதற்குப் பிறகுதானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். தன் மேல் ஆத்திரம் வந்தது. அப்பாவின் மேலும் வந்தது. ஊருக்கெல்லாம் சொன்னீர்களே, நீங்களே இப்படிச் செய்யலாமா என்று அவரை உலுக்கிக் கேட்கவேண்டும் போலிருந்தது. அதைவிட, அவர் போனில் இருமுவதை ஒரு தரம், ஒரே ஒரு தரம் கேட்கவேண்டும் போலிருந்தது.

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, விபூதி பூசி அப்பாவைக் கூடத்தில் கிடத்தினார்கள். அடுத்த வீட்டு ஜெயராஜ் அங்கிள் மாலையைச் சரிசெய்துவிட்டு அவளிடம் வந்தார்.

“ஆம்புலன்ஸ் லேட்டாம்மா?”

“தெரியல அங்கிள்.”

தெரியாதுதான். இருநூறு வீட்டில் கேட்டவளுக்குச் சொந்த வீட்டில் கேட்க வாய் வரவில்லை. உன்னைத்தான் முதலில் கூப்பிட்டார் என்று அம்மா ஒருவேளை சொல்லிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் அந்த எட்டு நிமிடத்தோடு இருக்கவேண்டும். கேட்காமல் இருந்தாலும் அப்படித்தான்.

அறையில் அம்மா வீரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்த ஈரம் காயவில்லை. கூட இருந்த பெண்களை வெளியே அனுப்பிவிட்டு ஷாமினி தரையில் உட்கார்ந்தாள். அவளை அறியாமலே, வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பழகிய அந்த மெல்லிய குரல் வந்தது.

“அம்மா, நேத்து யார மொதல்ல கூப்டீங்க?”

“என்னாடி கேள்வி இது? டிரிபிள் நைனதான்.”

“மொதல்லயா?”

“ஆமா லா. நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நாக்காலில ஒக்காந்தாரு. ‘வீரம்மா, டிரிபிள் நைன் போடு, வீட்டு நம்பரு சொல்லு, லோரோங் பேரு, எந்தச் சந்துன்னு சொல்லு, போயி கேட்ட தொறந்து வையி’ன்னு ஒன்னு ஒன்னா சொன்னாரு. நீ மண்டபத்துல சனங்களுக்குச் சொல்லிக் குடுப்பியே, அப்படியே. நான் பதறிட்டேன். அவரு பதறல.”

தலையணைக்கடியிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து நீட்டினாள். ஷாமினி பார்த்தாள். 999. ஒன்பது முப்பத்தெட்டு.

மூன்று நிமிடம் கழித்துத்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. எல்லாம் சரியாக நடந்து, உதவி வந்து, அப்படியும் அவர் செத்துப்போயிருக்கிறார். ஷாமினிக்கு மூச்சு லேசானது. உடனே அடுத்த கேள்வி எழுந்தது.

“அப்ப என்னய எதுக்கும்மா கூப்டாரு?”

“நானும் அதான் கேட்டேன். ‘வண்டிதான் வருதே, அவ வேலைல இருப்பா, எதுக்கு அவளத் தொந்தரவு பண்றீங்க’ன்னேன். ‘வண்டி வர்ற வரைக்கும் அவகிட்ட சும்மா பேசிட்டு இருக்கேன்’னாரு.” அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “போன காதுல வச்சிக்கிட்டு, ‘ரிங் போவுது, ரிங் போவுது’ன்னு என்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீ எடுக்கல. கோவமெல்லாம் இல்லடி. ‘மேடையில நிப்பா’ன்னாரு. கொஞ்சம் சிரிச்ச மாதிரிதான் இருந்திச்சி.”

கேள்வித்தாளின் கடைசியில் ஒரு கேள்வி உண்டு: ஏன் அவரை அழைத்தீர்கள்? பேசணும் போல இருந்தது என்று பலபேர் சொல்லியிருக்கிறார்கள். அதையெல்லாம் ‘மற்றவை’ என்ற பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அந்தப் பெட்டியில் எத்தனை பேர் என்று இப்போது நினைத்துப் பார்த்தாள். எண்ணிக்கை நினைவில் இல்லை.

“வாய்க்கரிசி போடறவங்க வாங்க,” என்று ஜெயராஜ் அங்கிள் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். வேன் வாசலுக்கு வந்துவிட்டது.

அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனாள். அம்மா போட்டாள், யுகேந்திரன் போட்டான். ஷாமினியின் முறை வந்தது. தட்டிலிருந்து அரிசியை அள்ளி அப்பாவின் உதட்டில் வைத்தாள். அவள் நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து, அவர் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.

“சொல்லுங்கப்பா,” என்றாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற அத்தை, கையில் அரிசியோடு காத்திருந்தாள்.