காரைப் புதரில் குடியிருப்போர்

இன்பமேரி டீச்சர் காரைக்குடியில் வீடு கட்டியது 1967-இல். தேவகோட்டை ரஸ்தாவை ஒட்டிப் புதிதாக உருவான தெரு அது. மனை முழுக்கக் காரைப் புதரும் நுணாவும் கோவைக்கொடியுமாகக் கிடந்தது. கொத்தனார் வருவதற்கு முன் எல்லாவற்றையும் வெட்டி எரித்தார்கள். எரிந்ததில் ஒரு தையல்சிட்டின் கூடும் போயிற்று. தாய்ச்சிட்டு மூன்று நாள் கம்பிவேலியில் உட்கார்ந்து கத்தியது. பதினெட்டு வருடமாகப் பள்ளியில் பறவைகளைப் பற்றிப் பாடம் நடத்தியவர் டீச்சர். அந்த மூன்று நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வீடு முடிந்ததும் அவர் செய்த முதல் வேலை, வெட்டிய செடிகளையெல்லாம் திரும்ப நட்டதுதான். பள்ளி விட்டதும் கண்மாய்க்கரைப் பக்கம் போய்க் காரைக்கன்றும் நுணாக்கன்றும் வேரோடு தோண்டி எடுத்து வருவார். தெருவே வேடிக்கை பார்த்தது.

"ஆளு வச்சு வெட்டுன முள்ளுக்கு இப்பக் குடம் குடமாத் தண்ணி ஊத்துறாகளே, என்ன விசேஷம்?" என்று அவர் கணவர் ஞானசேகரிடம் கேட்டார்கள்.

"சாமியார்கிட்டச் சொல்லித் தீராத பாவமாம். செடிகிட்டச் சொல்றா" என்றார் அவர்.

பக்கத்து வீட்டுப் பூமிநாதன், தாலுகா ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். 'நகர் எழில் மன்றம்' என்று ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தலைவராகவும், ஆள் கிடைக்கும்வரை செயலாளராகவும் இருந்தார். அவர் தோட்டத்தில் குரோட்டன்ஸ் செடிகள் உயரவாரியாக அணிவகுத்து நின்றன. பெங்களூரிலிருந்து புல் வந்திருந்தது. வாரம் தவறாமல் பூச்சிமருந்து அடிப்பார். நடுவில் சிமெண்டில் இரண்டு கொக்குகள்.

மூன்று வருடத்தில் டீச்சர் வீட்டுப் புதர், மதிலுக்கு மேலே தலையை நீட்டியது. பூமிநாதனால் பொறுக்க முடியவில்லை.

"டீச்சர், உங்க பக்கமிருந்து புழுவெல்லாம் இங்குட்டு வருது."

"புழுவைத் தின்னக் குருவியும் வருதுல்லண்ணே."

"அதுவுந்தான் வருது. வந்து என்ன செய்யுது? எங்க கொக்குத் தலையைப் பாருங்க!"

கொக்கின் தலை வெள்ளையாக இருந்தது. சிமெண்ட் நிறம் அது இல்லை. அன்றைக்கே பூமிநாதன் நகராட்சிக்கு மனு எழுதினார். பாம்பு, கொசு, விஷ ஜந்துக்கள், நகரின் மானம் என்று நான்கு பக்கம் வந்தது.

சுகாதார இன்ஸ்பெக்டர் ஏகப்பன் நோட்டீசோடு வந்தார். ஏழு நாளில் புதரை அகற்ற வேண்டும். டீச்சர் அவரைக் காரைச்செடிக்கு அருகில் அழைத்துப்போய்க் கிளையை விலக்கிக் காட்டினார். உள்ளே சின்னான் குருவியின் கூடு. அதில் மூன்று முட்டை.

ஏகப்பன் நீட்டிய நோட்டீசைத் திரும்ப மடித்தார். "மக பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கா, டீச்சர். இந்த நேரத்துல முட்டையை உடைக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஆபீசுக்குப் போய், 'மேற்படி புதரில் குடியிருப்போர் உள்ளதால் அவகாசம் தேவை' என்று குறிப்பு எழுதிவைத்தார்.

அதைப் படித்த குமாஸ்தாவுக்குக் குருவி எதுவும் தெரியவில்லை. குடியிருப்போர்தான் தெரிந்தார்கள். பத்தாம் நாள் டீச்சருக்குக் கடிதம் வந்தது. குடியிருப்போர் பெயர் என்ன, எத்தனை பேர், எப்போதிலிருந்து, எப்போது காலி செய்வார்கள்?

டீச்சருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. 'பெயர்: சின்னான். பெரியவர் இருவர், முட்டை மூன்று. மாசி மாதம் முதல். இறக்கை முளைத்ததும் காலி செய்வார்கள்' என்று எழுதினார். காலி செய்யும்வரை அவகாசம் அளித்துப் பதில் வந்தது. குஞ்சுகள் பறந்ததும் நேர்மையாக அதையும் தெரிவித்தார். அதற்குள் நுணாவில் தையல்சிட்டு இலையைத் தைத்து முடித்திருந்தது. புதுக்குடித்தனம் வந்ததையும் தெரிவித்தார். அந்தக் கடிதம் எழுதும்போது அவருக்குக் கண் கலங்கியதாக ஞானசேகர் சொல்வார்.

இந்த நிலையில் எழில் மன்றத்தின் ஆண்டுவிழா வந்தது. மதுரையிலிருந்து வரவிருந்த பெரிய அதிகாரிக்குப் பறவைகள் மீது பிரியம் என்று பூமிநாதனுக்குத் தகவல் கிடைத்தது. தட்டில் அரிசி வைத்தார், தொட்டியில் தண்ணீர் வைத்தார். நான்கு காக்கைகள் வந்தன. கடைசியில் பறவை பிடிக்கிற ஆளிடம் சொல்லி ஆறு தினைக்குருவிகளை வாங்கிக் கூண்டில் வைத்தார்.

அதிகாரி தன் கையாலேயே கூண்டைத் திறந்தார். கைத்தட்டல் ஓய்வதற்குள் ஆறும் குரோட்டன்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மதிலைத் தாண்டி டீச்சர் வீட்டுப் புதருக்குள் போய்விட்டன. அதிகாரி மதிலோரம் போய் எட்டிப்பார்த்தார். அங்கே தேன்சிட்டும் சின்னானும் வேறு இருந்தன. பேச எழுதிவந்த உரை முழுவதையும் மதிலைப் பார்த்துக்கொண்டே வாசித்து முடித்தார். கூட்டம் அவர் முதுகைப் பார்த்துக் கேட்டது. போகும்போது, 'பறவைகள் நாடிவரும் தோட்டம்' என்று ஏற்கெனவே அச்சடித்துவைத்திருந்த சான்றிதழைப் பூமிநாதனிடமே கொடுத்தார்.

மறுநாள் பூமிநாதன் மதிலோரம் வந்து நின்றார்.

"டீச்சர், அந்தப் புதரை வெட்டிராதீக."

"நோட்டீஸ் உங்க மனுவால வந்ததுதானேண்ணே?"

"அடுத்த வருஷமும் அந்த அதிகாரி வர்றாராம்" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

மனுவைத் திரும்ப வாங்க ஆபீசுக்குப் போனார். "மனுவை வாங்கிக்கிருங்க. குடித்தனக்காரக இருக்கையில ஃபைலை மட்டும் மூட முடியாதுண்ணே" என்றார் ஏகப்பன். அவருக்குப் பேரன் பிறந்திருந்தான். மிட்டாய் கொடுத்தார்.

அதற்குப் பிறகு, மருந்தடிக்கிற இடத்துக்குக் குருவி எப்படி வரும் என்று மனைவி உமையாள் வற்புறுத்தியதால் பூமிநாதன் மருந்தடிப்பதை நிறுத்தினார். ஐப்பசியில் குரோட்டன்ஸ் இலைகள் ஓட்டை ஓட்டையாயின. அவர் தலையில் கைவைத்து நின்ற ஒரு காலையில், சின்னான் ஒன்று வந்து அவர் கண்ணெதிரே ஒரு பச்சைப்புழுவைக் கவ்விக்கொண்டு போனது. நேராக மதிலோரம் போனார்.

"டீச்சர், காரைக்கன்னு ரெண்டு கிடைக்குமா? மன்றத்துக்காகத்தான் கேக்குறேன்."

டீச்சர் ஆறு கன்று கொடுத்தார். பூமிநாதன் கயிறு பிடித்து, அளந்து, ஒரே வரிசையில் நட்டார். இரண்டாம் வருட மழைக்கு அவை வரிசையை மறந்து இஷ்டத்துக்குப் படர்ந்தன. கத்தரிக்கோலோடு போனவர், புதருக்குள் குனிந்து பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பி வந்தார்.