சகலை வண்டிக்குப் போட்ட ஃப்ளேர்

மாட்டு டாக்டருக்குச் சகலையைப் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. நேரில் பார்த்தால் சிரிப்பார், கூட உட்கார்ந்து டீயும் குடிப்பார். வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் வயிறு எரியும். செடிப்பண்ணை வைத்திருக்கும் சகலை எதைத் தொட்டாலும் மாமனார் வீட்டில் ஒரு வாரம் அதே பேச்சாக இருக்கும்.

இருவரிடமும் ஒரே மாதிரி ஜீப். மலைமேல் இருக்கும் பண்ணைகளுக்குப் போய்வர வசதியாக டாக்டர் அகல டயர் மாட்டினார். டயர் பாடியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் சேறெல்லாம் கதவிலும் கண்ணாடியிலும் வந்து அப்பியது. டயரை மூடினாற்போல் மேலே ஒரு வளைந்த விளிம்பு போட்டால் சரியாகிவிடும். கடைக்காரர்கள் அதை ஃப்ளேர் என்பார்கள். அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். அதே அகல டயர் மாட்டியிருந்த சகலை போட்டே விட்டார். பளபளவென்று வெள்ளை ஃபைபர்.

"அக்கா வீட்டுக்காரர் வண்டியப் பாத்தீங்களா? ஷோரூம்ல இருந்து இப்பதான் எடுத்த மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

"பாத்தேன்" என்றார் டாக்டர். மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய்விட்டார்.

கடைக்கார அம்மா முதலில் கேட்டது, "வண்டி எங்க ஓடும்?"

"மலைப்பாதை. கல்லு, முள்ளு, சேறு."

அந்த அம்மா சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக் ஃப்ளேர் ஒன்றை எடுத்துத் தரையில் போட்டு ஏறி நின்றார். வளைந்தது. காலை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்தது. "இரும்புன்னா துரு பிடிக்கும். ஃபைபர் அழகு, ஆனா ஒரு அடி தாங்காது. இது விலையும் பாதிதான். கீறல் விழுந்தாக்கூடத் தெரியாது."

அந்த அம்மா சொல்வது சரி என்று டாக்டருக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் கண் சுவரில் தொங்கிய வெள்ளையை விட்டு நகரவில்லை.

"அதையே குடுங்க" என்றார்.

பத்தாம் நாள், கன்று போட முடியாமல் ஒரு மாடு தவிப்பதாக மலைப்பண்ணையிலிருந்து போன் வந்தது. பாதி வழியில் ஒரு பாறை முனை உரச, முன்பக்க ஃப்ளேர் படாரென்று வெடித்தது. உடைந்த துண்டு உள்ளே மடங்கி டயரைக் கிழிக்க ஆரம்பித்தது. கையால் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. மலையடிவாரத்தில் இருந்தது சகலையின் செடிப்பண்ணை ஒன்றுதான். வேறு வழியில்லாமல் போன் போட்டார்.

கால் மணி நேரத்தில் சகலையின் ஜீப் வந்து நின்றது. அதில் வெள்ளை இல்லை. நான்கு சக்கரத்துக்கும் கறுப்பு பிளாஸ்டிக்.

"வெள்ளை என்னாச்சு?" என்றார் டாக்டர்.

"அத ஏன் கேக்கறீங்க சகலை. ரெண்டே வாரம், ஒரு மரக்கட்டை உரசினதுல வெடிச்சுப்போச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீங்களும் அதையே மாட்டிட்டீங்களா? தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே."

டாக்டர் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு சகலையின் வண்டியில் ஏறினார்.

கன்று தலைகீழாகத் திரும்பிக் கிடந்தது. டாக்டர் தோள்வரை கையை உள்ளே விட்டு, கால்களைத் தேடிப் பிடித்துக் கயிறு கட்டினார். சொன்ன நேரத்தில் சகலை கயிற்றை இழுத்தார். ஒரு மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு கன்று உயிரோடு வந்து விழுந்தது.

பண்ணைக்காரர் நேராகச் சகலையிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நேரத்துல வண்டியோட வந்தீங்க. இல்லேன்னா என் மாடு போயிருக்கும்."

வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்த டாக்டர் இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

மறுபடி கடைக்குப் போனபோது அந்த அம்மா தானாகவே கறுப்பை எடுத்து வைத்தார்.

"என் சகலை வாங்கினதைவிட ஒரு இஞ்ச் அகலமா இருக்குமா?"

"டயருக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு போதும் சார். கூட நீட்டிட்டு இருந்தா மரத்துல மாட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சகலையே ஸ்பேனரோடு வந்து எல்லா போல்ட்டையும் முடுக்கிக் கொடுத்தார். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "என் வண்டியைவிட உங்க வண்டிக்குத்தான் இது எடுப்பா இருக்கு" என்றார்.

அதை டாக்டர் மனைவியிடம் அன்றைக்கே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.