டியூபில் ஏற்றிய வீட்டுக் காற்று

தையற்காரியின் மாடி வீடு மூச்சு விட ஆரம்பித்தது, குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மறுநாள் மத்தியானம். கீழே ஆணிக்கடை வைத்திருந்த வீட்டுக்காரர் முதலில் எலி என்று நினைத்தார். பிறகு தெருவில் கனமான லாரி ஏதோ போகிறது என்று நினைத்தார். எலியும் இல்லை, லாரியும் இல்லை. மாடியின் நான்கு சுவர்களும் மெல்ல வெளியே உப்பி, மெல்ல உள்ளே அடங்கிக்கொண்டிருந்தன. அதற்கேற்ப ஜன்னல் கதவுகள் பாதி திறந்தன, பாதி மூடின. தையற்காரி மிஷினை நிறுத்திவிட்டு அளவு நாடாவை எடுத்துச் சுவருக்குச் சுவர் பிடித்துப் பார்த்தாள். வீடு மூச்சை இழுக்கும்போது அறை இரண்டு விரற்கடை அகலம் கூடியது. கத்தவும் இல்லை, ஊரைக் கூட்டவும் இல்லை. அகலம் கூடினால் திரைச்சீலை இழுத்துக் கிழிந்துவிடுமே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அன்று சாயங்காலமே சீலைகளைப் பிரித்து, மடிப்பில் கொஞ்சம் துணி விட்டுத் தைத்து மாட்டினாள்.

குழந்தை மாதம் நிறையாமல் பிறந்தவள். கைக்குள் அடங்கிய அந்த உருவத்தைப் பார்த்து நர்ஸ் ஒருத்தி வைத்த குருவி என்ற பெயரே நிலைத்துவிட்டது. நுரையீரல் அரைகுறை, விழித்திருக்கும்போது எப்படியோ சமாளிப்பாள், தூங்கினால் மூச்சு பாதி வழியில் மறந்துபோகும். அந்த மறந்த பாதியைத்தான் வீடு எடுத்துச் செய்தது. தொட்டிலுக்குள் சின்ன நெஞ்சு அசையாமல் நிற்கும், சுவர்கள் உப்பும், உடனே நெஞ்சும் உப்பும். பார்க்க வந்த டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் குழந்தையின் முதுகில் வைத்துக் கேட்டாள், அப்புறம் எழுந்துபோய்ச் சுவரில் வைத்துக் கேட்டாள். "குழந்தைக்குப் பரவாயில்ல. வலது பக்கச் சுவர்லதான் லேசா இரைச்சல் இருக்கு. மழைக்கு முன்னாடி சுண்ணாம்பு அடிச்சிருங்க" என்றாள். அடித்தார்கள். இரைச்சல் போய்விட்டது.

குருவியின் அப்பா கடல் தாண்டிய ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மனைவிக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது விமானம் ஏறியவர், ஒப்பந்தம் முடிவதற்குள் ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. ஒப்பந்தமோ முடிகிற நேரத்தில் எல்லாம் ரப்பர் போல இன்னும் கொஞ்சம் நீளும். குழந்தையின் மருந்தெல்லாம் அந்த ரப்பரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே குருவிக்கு மூன்று வயது ஆகும்வரை அப்பா என்றால் போன்தான். கதைக்கு அப்படிச் சொல்லவில்லை, அவள் நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். போனுக்கு முத்தம் கொடுப்பாள், போர்வை போர்த்துவாள், திரை மங்கினால் "அப்பாவுக்குப் பசிக்குது" என்று சார்ஜரைத் தேடி ஓடுவாள். கடைத்தெருவில் யாராவது போனை எடுத்துக் காதில் வைத்தால், "அந்த மாமா காதுல அப்பா" என்று கை நீட்டுவாள்.

அந்த வருஷம் துறைமுகக் கம்பெனி ஓர் அனுமதி கொடுத்தது. கிரேன் ஆட்கள் குடும்பத்தை வரவழைத்து ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம். அடுத்த வருஷம் உண்டா இல்லையா என்று யாரும் சொல்வதற்கில்லை. கிரேன்காரர் போனில் செய்தியைச் சொல்லிவிட்டு, "நீ என்ன சொல்றியோ அதுதான்" என்று முடித்துக்கொண்டார். பாரத்தை எங்கே இறக்கிவைக்க வேண்டும் என்பது கிரேன்காரருக்குத் தெரியாதா?

தையற்காரியின் தம்பி பஞ்சர் கடை வைத்திருப்பவன். அவன் ஒரே சொல்லில் வேண்டாம் என்றான். "அக்கா, இந்த வீடு இருக்கறதாலதான் புள்ள இருக்கா. வீட்டத் தூக்கிட்டா போவ?" என்றான். நாத்தனார் டிக்கெட் போடும் ஆபீஸில் வேலை பார்ப்பவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. "அண்ணி, எங்கண்ணன் உங்களுக்குப் புருஷனா, இல்ல ரீசார்ஜ் கடையா? இப்ப விட்டா அவ ஸ்கூலுக்குப் போய் அப்பா படம் வரைன்னா செல்போன்தான் வரைவா" என்றாள்.

"போன்னு நீ சொல்லிடுவ, புள்ளைக்கு மூச்சு நின்னா நீ ஊதுவியா?" என்றான் தம்பி.

"ஊதறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே, பம்ப்போட" என்றாள் நாத்தனார். அந்தப் பேச்சு அவன் மனசில் தைத்துவிட்டது; பின்னால் நடந்ததற்கு அதுவே விதை.

தையற்காரி டாக்டரம்மாவிடம் போனாள். விமானம் மேலே ஏறினால் உள்ளே காற்று கொஞ்சம் மெலிந்துபோகும், நமக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும் என்றாள் டாக்டரம்மா. தோளில் மாட்டும் ஆக்சிஜன் மிஷின் ஒன்று வாடகைக்குக் கிடைக்கும், பேட்டரி கூடுதலாக வேண்டும், மருந்தைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், தும்முகிறவர்கள் பக்கம் உட்காரக் கூடாது. இதையெல்லாம் சொன்னாளே தவிர, போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "உங்க குழந்தையா இருந்தா?" என்று தையற்காரி கேட்டாள். டாக்டரம்மா பேனாவை மூடித் திறந்து, திறந்து மூடி, "அதைத்தான் நானும் நீங்க வந்ததுலேருந்து யோசிச்சிட்டிருக்கேன்" என்றாள். அங்கே கிரேன்காரரும் சும்மா இருக்கவில்லை. தன் அறையிலிருந்து குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நடந்து பார்த்தார், பஸ்ஸில் போய்ப் பார்த்தார், டாக்ஸியில் போய்ப் பார்த்தார். அங்குள்ள டாக்டரிடம் குருவியின் எக்ஸ்ரேயைக் காட்டினார். அந்த டாக்டரும் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வந்தால் நான் இருக்கிறேன்" என்றார். வரலாம் என்று அவரும் சொல்லவில்லை.

இப்படி டாக்டர்களும் கிரேன்காரரும் மதில்மேல் பூனையாக இருக்க, ஒருநாள் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட்டது. தையற்காரி எடுத்துத் துடைத்தாள், அரிசியில் புதைத்தாள், அது உயிர் பெறவில்லை. குருவி அழுவாள் என்று பார்த்தால் அழவில்லை. வெட்டுத்துணி ஒன்றை எடுத்து அதைத் தலையோடு மூடினாள். "அப்பா இனிமே முழிக்க மாட்டாரு" என்று சமாதானமாகச் சொல்லிவிட்டு, நூல்கண்டுகளோடு விளையாடப் போய்விட்டாள். தையற்காரி தைத்துக்கொண்டிருந்ததை மடித்து வைத்தாள். அப்புறம் கீழே இறங்கி, ஆணிக்கடையின் போனிலிருந்து நாத்தனாரைக் கூப்பிட்டு, "டிக்கெட் போடு" என்றாள். தலைக்கு மேலே வீடு ஒரு மூச்சைத் தவறவிட்டது. ஆணிக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அது அடுத்த மூச்சை எடுத்த பிறகுதான் எடைபோடுவதைத் தொடர்ந்தார்.

அக்கா முடிவெடுத்துவிட்டாள் என்றதும் தம்பி வாதாடவில்லை. லாரி டியூப் நான்கையும் கம்ப்ரஸரையும் மாடிக்குத் தூக்கிவந்தான். வீட்டைத்தான் கொண்டுபோக முடியாது, வீட்டுக் காற்றையாவது கொண்டுபோகலாம் என்பது அவன் கணக்கு. ஜன்னல்களைச் சாத்தி, வீடு மூச்சை வெளியே விடும் சமயம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். டியூப்கள் பிறகு தாங்களாகவே மெல்ல உப்பி மெல்ல அடங்கின. பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்தவன், முள் ஓரிடத்தில் நில்லாமல் போய்ப் போய் வருவதைக் கண்டு, "சரக்கு அசல்தான்க்கா" என்றான்.

விமான நிலையத்துக்குள் தம்பியும் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தான்; அங்கே சோதனை அதிகாரி டியூப்களைக் கண்டார். ஆக்சிஜன் மிஷினைப் பற்றி மரியாதையாக நான்கு கேள்வி கேட்டு அனுப்பியவர், டியூப் விஷயத்தில் மசியவில்லை. காற்றடைத்த எதையும் மேலே ஏற்ற முடியாது, வெடிக்கும் என்றார். "சார், இது சாதாரணக் காத்து இல்ல, வீட்டுக் காத்து" என்றான் தம்பி. "எங்க வீட்டுக் காத்தா இருந்தாலும் விட முடியாதுப்பா" என்றார் அதிகாரி. வேறு வழியில்லாமல் தம்பி ஒவ்வொரு வால்வாகப் பிடுங்கினான். வீடு நான்கு முறை நீளமாகப் பெருமூச்சு விட்டு, அந்தப் பெரிய கூடத்தின் கூரைக்குப் போய் இல்லாமல் போனது. கூடத்தின் சுவர்கள் அசையவில்லை. குருவி இருமினாள்.

"திரும்பிடலாம்க்கா. வண்டி வெளியதான் நிக்குது" என்றான் தம்பி. அவன் கண் கலங்கியிருந்தது.

தையற்காரி குழந்தையின் முகமூடியைச் சரிசெய்தாள். "துணிய வெட்டியாச்சுடா. இனிமே தைக்கத்தான் முடியும்" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாள்.

மேலே ஏறிக் கொஞ்ச நேரம் மிஷின் போதுமானதாக இருந்தது. சாப்பாடு முடிந்து விமானமே கண்ணயர்ந்த வேளையில் குருவியும் தூங்கிப்போனாள். உதட்டோரம் நீலம் பூத்தது. தையற்காரி மிஷினைக் கூட்டினாள், குழந்தையை நிமிர்த்தினாள், தட்டினாள். நெஞ்சு நின்ற இடத்திலேயே நின்றது. கத்துவதற்காக வாயைத் திறந்தபோது முன் இருக்கையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த பருத்த மனிதர் ஆழமாக ஒரு மூச்சை இழுத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவள் இழுத்தாள். பின்னால் இருந்தவர்கள் இழுத்தார்கள். கடைசி வரிசைவரை, தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒன்றாக இழுத்து ஒன்றாக விட்டார்கள். குருவியின் நெஞ்சும் அவர்களோடு எழுந்து தாழ்ந்தது. தட்டுகளை வாங்க வந்த பணிப்பெண் நின்று கவனித்தாள், குழந்தையைப் பார்த்தாள், பிறகு யாரும் விழித்துவிடாதபடி ஜன்னல் மறைப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனாள். தரை தொடும்வரை ஒருவர்கூட மூச்சில் பிசகவில்லை. விழித்த பிறகு பருத்த மனிதர் மட்டும், இவ்வளவு நல்ல தூக்கம் தூங்கி வருஷக்கணக்காகிறது என்று பொதுவாகச் சொன்னார்.

வெளியே கிரேன்காரர் நின்றிருந்தார். மனைவியைப் பார்த்துச் சிரிப்பதா, குழந்தையை வாங்குவதா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப் பாதியாகச் செய்தார். குருவி அவர் தோளில் உட்கார்ந்து முகத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் காதுக்குப் பின்னால், கழுத்தில், சட்டைக்குள் எல்லாம் எதையோ தேடினாள். "என்னம்மா தேடற?" என்றார். "சார்ஜர் எங்க குத்தறது?" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சாதாரணம். இரண்டு தடவை காய்ச்சல் வந்தது, டாக்ஸியே வேகம் என்று தெரிந்தது, சொன்னபடி அந்த டாக்டர் இருந்தார். ஆறு மாதம் போனது. பிறகு வந்த வருஷங்களில் போவதும் வருவதுமாக இருந்தார்கள். குருவி பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக ஓடிவந்து, ஓடிவந்ததற்காகவே வீட்டாரிடம் கைதட்டல் வாங்கினாள்.

ஆனால் அந்த முதல் நாள் சாயங்காலம், துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய ஒற்றை அறைக்குள் நுழைந்ததும் தையற்காரி கதவருகிலேயே நின்றுவிட்டாள். ஜன்னல் பாதி திறந்து பாதி மூடியது. சுவர் மெல்ல உப்பியது.

"இது எப்பலேருந்து?" என்றாள்.

"எது, ஆட்டமா? மூணு வருஷமா இப்படித்தான்" என்றார் அவர், பெட்டியை இறக்கிக்கொண்டே. "குருவி பொறந்த சமயத்துல ஆரம்பிச்சது. கிரேன் ஓட்டறவனுக்கு எறங்கினாலும் தரை ஆடும்னு சொல்வாங்க. அதுதான்னு விட்டுட்டேன். இதப் போய் உங்கிட்ட என்னத்தச் சொல்றது?"

மூன்று வருஷம் போனில் பேசியும் சொல்லாத மனிதரிடம் இப்போது சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. தையற்காரி தூங்கும் குழந்தையைக் கட்டிலில் கிடத்தினாள், கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள், ஒரு முனையை அவரைப் பிடிக்கச் சொல்லிச் சுவருக்குச் சுவர் அளந்தாள். இரண்டு விரற்கடை. பிறகு ஊசியும் நூலும் எங்கே என்று கேட்டு வாங்கி, ஜன்னல் திரைச்சீலையைக் கழற்றிப் பிரித்து, மடிப்பில் கொஞ்சம் துணி விட்டுத் தைக்க உட்கார்ந்தாள்.