ஹோர்ஸ்டின் சட்டைகள்

துணிக்கடை பார்க்கத் தானும் வருகிறேன் என்று கலாதேவி சொன்னபோது சிநேகிதி நிருஷாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சட்டைப் பொத்தான் கழன்றால்கூட மகளைக் கூப்பிடுகிற மனுசி!

“கலாக்கா, பேரன் பிறந்த உடனே உங்களுக்குக் கை துருதுருக்குதோ?”

“சும்மா ஒரு ஆசை. லலிதா போற கடையளுக்கு என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோவன்.”

லலிதா கோயம்புத்தூர்க்காரி. ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் கலாதேவியின் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவள். துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பதில் பைத்தியம். சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் எந்தச் சந்துக்குள் எந்தக் கடை இருக்கிறது என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். நிருஷாவிடம் கார் இருந்தது. சனிக்கிழமை காலை மூவரும் புறப்பட்டார்கள்.

பின் சீட்டில் கலாதேவி பெரியதொரு கம்பளிக் கோட்டுக்குள் ஒடுங்கியிருந்தாள். அதன் கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டும் விரல் நுனிதான் வெளியே தெரிந்தது.

“அக்கா, ஹீட்டர் போட்டிருக்கிறன். உந்தக் கோட்டைக் கழட்டுங்கோ, அவிஞ்சு போவியள்.”

“இருக்கட்டும். எனக்குக் குளிருது.”

குளிர் வெளியிலிருந்து வரவில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

மகள் வேணுஜா பிள்ளை பெற்று, வழக்கப்படி தாய்வீட்டில்தான் இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே மருமகன் ஜூலியனின் தாய் ரெனாட்டே பெரிய பொதியொன்றோடு வந்தாள். உள்ளே ஒரு போர்வை. நீலக் கட்டம், வெள்ளைக் கோடு, மங்கிய சாம்பல் என்று சின்னச் சின்னச் சதுரங்கள். நடுவில் ஒரு சட்டைப் பை அப்படியே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. கலாதேவி அதைத் தடவித் தடவிப் பார்த்து, படமெடுத்து, வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினாள்.

ரெனாட்டே போன பிறகுதான் ஜூலியன் சொன்னான். “எல்லாம் அப்பாவின் சட்டைகள். அம்மா குளிர்காலம் முழுக்க இருந்து தைத்தார்.”

ஜூலியனின் தகப்பன் ஹோர்ஸ்ட் போன வருடம்தான் இறந்திருந்தார்.

கலாதேவி போர்வையிலிருந்து கையை எடுத்தாள். செத்த மனிதனின் உடுப்பு! பிறந்த துடக்குக்கூடக் கழியாத பச்சைப் பிள்ளையின் மேலே! ஊரில் இப்படிப்பட்ட துணியைச் சுடலையோடு விட்டுவிட்டு வருவார்கள். அன்றிரவு பிள்ளை வீரிட்டு அழுதான். அடுத்த இரவும் அழுதான். பிள்ளைகள் அழத்தான் செய்யும் என்று மூன்று பெற்றவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அடுத்த நாள் வேணுஜா அயர்ந்து தூங்கியபோது போர்வையைக் கறுத்தப் பையில் திணித்து, தெருமுனையில் பழைய உடுப்புகளைத் தானமாகப் போடும் பெட்டிக்குள் தள்ளிவிட்டாள். இரும்பு மூடி ‘டமார்’ என்று விழுந்தது. மகள் கேட்டதற்கு, கழுவக் கொடுத்திருக்கிறேன் என்றாள்.

நாளை பிள்ளையின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுச் சடங்கு. “அம்மா, அந்தப் போர்வையை எடுத்து வையுங்கோ. அதில பிள்ளையைக் கிடத்திப் படம் எடுக்க வேணுமெண்டு ரெனாட்டே ஆசைப்படுறா” என்று வேணுஜா நேற்றுச் சொன்னபோதுதான் கலாதேவிக்குக் கை கால் ஓடவில்லை. பெட்டி போன கிழமையே காலியாகிவிட்டது.

அப்போதுதான் லலிதாவின் கடைகள் நினைவுக்கு வந்தன. அவள் காட்டும் படங்களில் சுவரெல்லாம் தைத்த போர்வைகள் தொங்குமே. எங்கள் சேலைகளில் எது காஞ்சிபுரம், எது பனாரஸ் என்று ரெனாட்டேக்குத் தெரியுமா? அதுபோலத்தான் இதுவும். நீலமும் வெள்ளையுமாய் ஒன்று கிடைத்தால் போதும் என்று கலாதேவி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

முதல் கடை சோஸ்ட் நகரில், மரச்சட்டம் போட்ட பழைய வீடொன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது. துணிச் சுருள்கள் நிறவாரியாக நின்றன. ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பெண்கள் தைத்தபடியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். லலிதா உள்ளே கால் வைத்ததும் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“அக்கா, இந்த எல்லோவ பாருங்க! குழந்தைக்குச் சூப்பரா இருக்கும்.”

கலாதேவி மஞ்சளைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய நீலப் போர்வையொன்றின் கீழே போய் நின்று, அதை விற்பீர்களா என்று கடைக்காரியிடம் கேட்டாள்.

“அது பழகுவதற்கான மாதிரி. விற்பதில்லை. நீங்களே தைக்கலாம், நான் சொல்லித்தருகிறேன்.”

“எனக்கு இன்றைக்கே வேண்டும்.”

கடைக்காரி சிரித்தாள். தைத்துக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வஞ்சகமில்லை. ஆனாலும் கலாதேவிக்கு முகம் சுட்டது.

“இன்னிக்கே வேணும்னா எதுக்குக்கா இவ்ளோ தூரம்? மால்ல ஒரு பிளாங்கெட் வாங்கிட்டுப் போயிருக்கலாமே!” என்றாள் லலிதா.

“அக்காவுக்கு உதெல்லாம் சொல்லக்கூடாது. அவ ஆசை வந்தா வந்ததுதான்” என்று நிருஷா கண்ணடித்தாள்.

இரண்டாவது கடை லிப்ஸ்டாட்டில். அங்கே ஒரு கூடைக்குள், மடித்தபடி, நீலக் கட்டமும் வெள்ளையும் கலந்த போர்வையொன்று விற்பனைக்குக் கிடந்தது. கலாதேவி அதை இரண்டு கைகளாலும் அள்ளினாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினாற்போல் இருந்தது. இறங்கியதை அத்தோடு விட்டிருக்கலாம். பாழாய்ப்போன மனம் உறுதி கேட்டது. தொலைபேசியில் இருந்த படத்தை எடுத்துக் கடைக்காரியிடம் நீட்டினாள்.

“இதுவும் அதுவும் ஒரே மாதிரித்தானே?”

கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு பார்த்த கடைக்காரியின் முகம் கனிந்துபோயிற்று.

“இல்லை, இல்லை. இது கடைத்துணி இல்லை. ஆண்கள் போடும் சட்டைகள். பாருங்கள், பையைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். யாரோ ஒருத்தி தன் மனுசனை இதற்குள் வைத்துத் தைத்திருக்கிறாள். இந்த மாதிரி ஒன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. யார் தைத்தது?”

கலாதேவி தொலைபேசியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த லலிதா, “இது வேணுஜா மாமியார் குடுத்ததுதானே? எனக்கும் அனுப்புனீங்களே. அது வீட்ல இருக்கும்போது இன்னொண்ணு எதுக்குக்கா?” என்றாள்.

கலாதேவி கூடைப் போர்வைக்குக் காசைக் கட்டிவிட்டு வெளியே நடந்தாள்.

காரில் ஏறியும் நிருஷா சாவியைப் போடவில்லை. திரும்பிப் பார்த்தபடி இருந்தாள். வேறு வழியில்லாமல், மடியில் கிடந்த பையைப் பார்த்துக்கொண்டே கலாதேவி எல்லாவற்றையும் சொன்னாள். கறுத்தப் பை, இரும்பு மூடி, கழுவக் கொடுத்ததாய்ச் சொன்ன பொய். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

லலிதாதான் முதலில் வாய் திறந்தாள். “எங்க ஊர்லயும் இறந்தவங்க துணிய குழந்தைக்குப் போட மாட்டாங்க. பயந்துட்டாங்க, பாவம்.”

“பயந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! அந்த மனுசி குளிர்காலம் முழுக்க இருந்து தைச்சதாம்.” நிருஷாவின் குரலில் இப்போது பகிடிச் சிரிப்பு இல்லை. “செத்தவற்ற உடுப்பு வீட்டுக்குள்ள இருக்கக்கூடாது. அப்பிடித்தானே, அக்கா? அப்ப நீங்க போட்டிருக்கிறது ஆருடைய கோட்?”

கலாதேவியின் கை கோட்டுப் பொத்தானைப் பற்றியது.

அது அவள் கணவர் சோதிலிங்கத்தின் கோட். மாரடைப்பில் அவர் போய் நாலு வருடம். டிராம் ஓட்டப் போகும் விடியற்காலைகளில் அவர் போட்டது. செத்தவீடு முடிந்து அவருடைய உடுப்பெல்லாம் கொடுத்தபோது இதை மட்டும் கலாதேவி கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்தாள். அடுத்த குளிருக்கு எடுத்துப் போட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு குளிருக்கும் போடுகிறாள். பேரனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் இதோடுதான். பிள்ளையை முதன்முதல் ஏந்தியது இந்தக் கைகள்தான், இந்தக் கம்பளியின் மேல்தான். அப்போது ஒரு பயமும் வரவில்லை. இது சோதியின் கோட். செத்தவர் உடுப்பென்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

மடித்துவிட்ட கையைப் பார்த்தாள். கழட்டி எறியலாம் போலிருந்தது. கழட்டவும் மனமில்லை.

“நிருஷா, இஞ்சயிருந்து பெக்கும் எண்ட ஊர் தூரமோ?”

“ரெனாட்டே வீட்டையோ?” நிருஷா கண்ணாடி வழியே அவளைப் பார்த்தாள். பிறகு சாவியைத் திருகினாள். “தூரமில்லை. போவம்.”

ரெனாட்டே கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “கலா! வா, வா. நாளைக்குக் கேக் செய்துகொண்டிருக்கிறேன். கோட்டைக் கொடு, மாட்டிவிடுகிறேன்.”

கலாதேவி கோட்டைக் கொடுக்கவில்லை. வாசல் நடையிலேயே நின்றாள். கையோடு வந்துவிட்ட கடைப் பையை அங்கிருந்த வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, வழியெல்லாம் அடுக்கிவந்த ஜெர்மன் வசனங்களைத் தேடினாள். ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னாள்.

“அந்தப் போர்வை கழுவக் கொடுக்கவில்லை. நான்தான் பழைய உடுப்புப் பெட்டியில் போட்டேன். இனிக் கிடைக்காது.”

கோட்டுக்காக நீட்டிய ரெனாட்டேயின் கை மெல்லக் கீழே இறங்கியது. உள்ளே அடுப்பில் எதுவோ மணத்துக்கொண்டிருந்தது.

“அழுக்காக இருந்ததா?”

இந்தக் கேள்வியைக் கலாதேவி எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள், அழுவாள் என்று எண்ணியிருந்தாள்.

“ஐயோ, இல்லை.”

“ஒவ்வொரு சட்டையையும் இரண்டு முறை கழுவினேன்.”

“அழுக்கில்லை, ரெனாட்டே. எனக்குப் பயம். இறந்தவரின் உடுப்பு பிள்ளைக்கு ஆகாது என்று…”

“ஹோர்ஸ்டை நினைத்தா பயம்?” ரெனாட்டேக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. “அவர் ஒரு பூனையைக்கூட விரட்டமாட்டார்.”

வாயால் சொல்ல முடியாததைக் கலாதேவி கோட்டின் கையை நீட்டிச் சொன்னாள். “இது என் கணவருடையது. அவரும் இறந்துவிட்டார். இதை நான் எறியவில்லை.”

ரெனாட்டே கம்பளியின் ஓரத்தை இரு விரலால் தொட்டுப் பார்த்தாள். துணி வாங்குகிறவர்கள் பார்ப்பதுபோல. பிறகு விட்டுவிட்டாள்.

“நாளை பிள்ளைக்காக வருவேன்,” என்றாள். “இன்றைக்கு உன்னோடு உட்கார என்னால் முடியாது. வேணுஜாவிடம் நீ சொல். நான் சொல்லமாட்டேன்.”

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தியிருந்தால் பரவாயில்லை என்று பட்டது கலாதேவிக்கு.

காருக்குள் வந்து உட்கார்ந்தாள். கார் நகரப்போகும் நேரம் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். ரெனாட்டே. குளிரில் கோட்டில்லாமல், மாவுக் கையோடு, வாங்கில் வைத்த பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“இதை மறந்துவிட்டாய்.”

கடையில் வாங்கிய புதுப் போர்வை. ஓரம் பைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. நீலக் கட்டம், வெள்ளை. எதற்காக வாங்கியதென்று ரெனாட்டேக்கு விளங்கியிருக்கும். விளங்காமலா இருக்கும்? கலாதேவி நிமிர்ந்து பார்க்காமல் பையை வாங்கிக் காலடியில் வைத்தாள்.

ரெனாட்டே திரும்பி உள்ளே போனாள்.

“போவமோ, அக்கா?”

“கொஞ்சம் பொறு.”

கோட்டுப் பைக்குள் கைவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். வேணுஜா உடனே எடுத்துவிட்டாள். பின்னால் பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

“அம்மா, எங்க நிக்கிறியள்? போர்வையை எடுத்தாச்சோ?”

“பிள்ளை, பேரனை ஜூலியனிட்டக் குடுத்திட்டு ஒருக்கா இரு. நான் உனக்குப் பொய் சொல்லிப்போட்டன்.”