சகலைகளின் பெல்ட் சைக்கிள்கள்

கூடப் பிறந்தவர்களே ஒரே மாதிரி சட்டை போடக் கூச்சப்படுவார்கள். அந்த இரண்டு சகலைகளோ ஒரே நிறத்தில், ஒரே நாளில், ஆளுக்கொரு சைக்கிள் வாங்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அக்காவைக் கட்டியவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தங்கையைக் கட்டியவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அதனால் சொந்தபந்தம் எல்லோருக்கும் ஒருவர் கண்ணாடிக்காரர், மற்றவர் லிஃப்ட்காரர். இரண்டு குடும்பமும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்தன.

லிஃப்ட்காரர் வாரம் பூராவும் கட்டடங்களின் வயிற்றுக்குள் இருட்டில் தொங்கிக்கொண்டிருப்பவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைக்கு ஓடாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். கண்ணாடிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தே தொப்பை வளர்த்தவர். முட்டிவலிக்கு சைக்கிள் ஓட்டினால் நல்லது என்று டாக்டர் சொன்னதை அவர் வாய்தவறிச் சகலையிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இழுத்துக்கொண்டு போய்ச் சைக்கிள் கடையில் நிறுத்திவிட்டார் சகலை.

சாதாரண சைக்கிள் இல்லை அது. மலையேறுவதற்கென்றே செய்த மின்சார சைக்கிள். மிதிக்கிற இடத்திலேயே மோட்டாரும் கியரும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கும். அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் சங்கிலிக்குப் பதில் பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று ஓடும். எண்ணெய் கிடையாது, கிரீஸ் கிடையாது. பழைய சைக்கிள் இருந்த காலத்தில் கூடத்துச் சுவரெல்லாம் கறுப்புக் கோடு விழுந்து, அதைத் தேய்த்துத் தேய்த்துக் கை சலித்துப் போயிருந்த அக்கா, பெல்ட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

"சரி, உள்ள வெச்சுக்கோங்க" என்றாள். அந்த வீட்டில் ஒரு சைக்கிளுக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்ச மரியாதை அது.

தங்கை அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. அவளுக்குச் சைக்கிளைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. ஓட்டுகிற ஆளைப் பற்றித்தான். சைக்கிள் வந்து சில வாரம் ஆன அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையிலும் பால்கனியில் எட்டி நின்று கத்தினாள்.

"மாமா, அவரை முன்னாடி விடாதீங்க. முன்னாடி போனா பின்னாடி ஒரு உலகம் இருக்குன்னே மறந்துடுவாரு."

"நான் இருக்கேன்ல. நீ உள்ள போம்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

சும்மா வாய்வார்த்தையாகச் சொன்னதல்ல அது. மாமனார் போனபிறகு மச்சினிக்கு மாப்பிள்ளை பார்த்ததே அவர்தான். "பையன் தங்கமானவன், அதுக்கு நான் பொறுப்பு" என்று நாலு பேர் முன்னால் சொன்னவரும் அவர்தான். கூடப் பிறந்தவன் யாரும் இல்லாத அவருக்கு, கல்யாணம் முடிந்த கையோடு லிஃப்ட்காரர் தம்பியாகவே ஆகிப்போனார். வெளியில் மட்டும் இருவரும் "வாங்க சகலை, போங்க சகலை" என்று மரியாதை குறையாமல் பேசிக்கொள்வார்கள்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. மலைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் தார்ச்சாலையில் ஏறி, கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, காட்டுப் பாதை இறக்கத்தில் திரும்பினார்கள். ஏறும்போது பக்கத்துப் பக்கத்தில் பேசிக்கொண்டே வந்த லிஃப்ட்காரர், இறக்கத்தைக் கண்டதும் கட்டவிழ்த்த கன்றுக்குட்டி ஆகிவிட்டார். "மெதுவா!" என்று கண்ணாடிக்காரர் சொல்லி முடிப்பதற்குள் வளைவில் மறைந்துவிட்டார்.

பழைய சைக்கிள் என்றால் சங்கிலி கடகடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் மரங்களுக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருக்கும். ஆள் எவ்வளவு தூரத்தில் போகிறார் என்று காதாலேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இந்த வண்டி பூனை மாதிரி. கண்ணாடிக்காரர் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் சகலை எப்போதும் ஒரு பாறைமேல் காலை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார். பாறை மட்டும்தான் இருந்தது.

ஒருவேளை காட்டுப் பாதையை விட்டுத் தார்ச்சாலைக்கே போய்விட்டாரோ என்று கொஞ்ச தூரம் இறங்கிப் பார்த்தார். இரண்டு பாதையிலும் ஈர மண்ணில் சக்கரத் தடமே இல்லை. அப்படியென்றால் இந்த இடத்தை அவர் தாண்டவே இல்லை. அது மண்டையில் உறைத்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறினார்.

இரண்டாவது வளைவில் தடம் கிடைத்தது. பாதை இடது பக்கம் திரும்புகிறது. தடம் திரும்பாமல் நேராகப் போய்ப் புல்லைக் கிழித்துக்கொண்டு சரிவில் இறங்கியிருந்தது. எட்டிப் பார்த்தார். கீழே ஒரு புதரில் சைக்கிள் தலைகுப்புறச் சிக்கிக் கிடந்தது. கைப்பிடிக்கு நடுவில் இருந்த சின்னத் திரை ஒன்றுமே நடக்காதது போல் எரிந்துகொண்டிருந்தது. ஆளைக் காணோம்.

கண்ணாடிக்காரர் சரிவு முழுவதையும் கண்ணால் துழாவினார். பால்கனியில் நின்ற மச்சினியின் முகம்தான் கண்முன் வந்தது. அவளிடம் போய் என்ன சொல்வது? எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

"சகலை!" என்று கத்தினார். "சகலை!"

வண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சரிவின் விளிம்புக்கே போனார்.

"டேய்! எங்கடா இருக்க? பேசுடா!"

கொஞ்ச நேரம் இலைகளில் சொட்டும் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. பிறகு சரிவுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சகலை... வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

கண்ணாடிக்காரர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வருவது என்று ஆயிரம் தடவை பேச்சுக்குச் சொல்லியிருப்பார். அது நிஜமாகவே உள்ளங்காலிலிருந்து மேலே ஏறி வருவதை அன்றைக்குத்தான் உணர்ந்தார். கூடவே கோபமும் ஏறி வந்தது.

"வண்டியா? வண்டிய பத்தியாடா கேக்குற? நான் இங்க செத்துப் பொழைச்சிருக்கேன்!"

"முதல்ல கூப்பிட்டப்பவே கேட்டுது. மூச்சு அடைச்சுப்போய்ப் பேச வரலை. அப்புறம் நீங்க டா போட்டீங்க, அந்த அதிர்ச்சியில தானா வந்துடுச்சு."

மரங்களையும் வேர்களையும் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தால் சறுக்கியபடி கண்ணாடிக்காரர் இறங்கினார். சகலை ஒரு சின்ன ஓடைக்கரையில் சேறும் சகதியுமாக உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, தலைக்கு ஒன்றுமில்லை. வலது கணுக்கால் மட்டும் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. தொட்டதும் "அய்யோ" என்றார். இரண்டு பேர் போனிலும் சிக்னல் இல்லை.

"நீங்க போய் யாரையாவது கூட்டிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

"உன்னை விட்டுட்டா? உங்க வீட்டம்மாகிட்ட யாரு பதில் சொல்றது?" என்றார் கண்ணாடிக்காரர். மரியாதை எங்கோ சரிவில் விழுந்து போயிருந்தது. இருவருமே அதைத் தேடவில்லை.

ஆனால் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. தன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதே அவருக்குப் பெரிய காரியம். சுற்றிலும் பார்த்தார். ஓடையை ஒட்டி ஒரு மாட்டுத்தடம் சரிவைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. செங்குத்துதான், ஆனாலும் தடம். அப்போது அவருக்குக் கட்டடத்தின் அடித்தளம் ஞாபகம் வந்தது. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து தெருவுக்கு ஏறும் சாய்தளத்தில், சோம்பேறித்தனத்தால் அவர் தினமும் ஒரு பொத்தானை அமுக்கிப் பிடிப்பார். ஆள் இறங்கி நடந்தால் போதும், மோட்டார் வண்டியைத் தானாகவே நடை வேகத்தில் இழுத்துக்கொண்டு ஏறும்.

மேலே போய்த் தன் சைக்கிளை மாட்டுத்தடம் வழியாக இறக்கிக்கொண்டு வந்தார். நிற்கிற நிலையிலேயே கியரைக் கடைசிவரை குறைத்தார். சங்கிலி வண்டியில் மிதிக்காமல் கியர் மாற்ற முடியாது. இதில் கட்டிலில் படுத்தபடிகூட மாற்றலாம். சகலையை அக்குளில் பிடித்துத் தூக்கி சீட்டில் உட்கார வைத்தார்.

"அடிபட்ட கால தொங்க விடு. என் தோளைப் பிடிச்சுக்கோ. நடுவுல ஐடியா ஒண்ணும் சொல்லாத."

பொத்தானை அமுக்கினார். மோட்டார் மெல்லிசாக முனகியது. பின்சக்கரம் ஒரு தடவை சேற்றில் வழுக்கி, பிறகு பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்காரர் தன் பாரத்தையும் சேர்த்துத் தள்ளினார். வேர்மேல் ஏறி, கல்மேல் ஏறி, வண்டி அங்குலம் அங்குலமாக மேலே போனது. பெல்ட்டில் சேறும் இலையும் அப்பி மசாலா தடவியது போலிருந்தது. சங்கிலியாக இருந்திருந்தால் எப்போதோ கழன்று விழுந்திருக்கும். இது பாட்டுக்குச் சுற்றியது. இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். இரண்டு தடவையும் சகலை ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முறைத்ததும் மூடிக்கொண்டார்.

பாதையை அடைந்தபோது கண்ணாடிக்காரரின் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறைந்திருக்கும். அதற்குப் பிறகு இறக்கம். பிரேக்கைப் பிடித்தபடி நடந்தே அடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்த சின்ன மருத்துவமனையில் சகலையைச் சேர்த்துவிட்டு, மனைவிக்குப் போன் போட்டார். "ஒண்ணும் இல்ல, பதறாத" என்று அவர் ஆரம்பித்த தொனியிலேயே எதிர்முனை பதறிவிட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்பு நல்லா இருக்கு. தசைநார்தான் இழுத்திருக்கு. கட்டுப் போட்டு, கால ஊனாம இருந்தா சரியாயிடும்."

சகலைகள் இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அண்ணன் தம்பியா?"

"ஆமா" என்றார் கண்ணாடிக்காரர், விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல்.

அக்காவும் தங்கையும் காரில் வந்து இறங்கினார்கள். தங்கை புருஷனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். கட்டைத் தொட்டுப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு சைக்கிள் எங்க?"

"மலையில. புதர்ல" என்றார் லிஃப்ட்காரர், குற்றவாளிக் கூண்டில் நிற்கிற குரலில்.

கண்ணாடிக்காரர் வழி சொன்னார். அக்காவும் தங்கையும் மறுபடி காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

"வித்துடுவா" என்றார் லிஃப்ட்காரர்.

"விக்கறதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? அங்கயே ஓடையில தள்ளிவிட்டுடுவா."

"உங்க வண்டியும் போச்சு சகலை. அக்காவும் கூடத்தான் போயிருக்காங்க."

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வாசலில் நிழல் ஆடியது. நிமிர்ந்து பார்த்தால், தங்கை சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சேற்றுப் புள்ளி. தலையில், காரில் கிடந்த அக்காவின் ஸ்கூட்டர் ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவும் நானும் புதர்லேருந்து இழுத்தோம். கார்ல ஏத்திப் பாத்தோம், அடங்கலை. அப்புறம் நானே ஓட்டிட்டு வந்துட்டேன். மெதுவாத்தான் வந்தேன் மாமா. பிரேக்க விடவே இல்ல." புருஷன் பக்கம் திரும்பினாள். "இத ஓட்டுனா இப்படி இருக்கும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"திட்டலையா?" என்றார் லிஃப்ட்காரர் ஈனஸ்வரத்தில்.

"திட்டுறேன். வீட்டுக்கு வாங்க, நிதானமா திட்டுறேன். கால் ஆறுற வரைக்கும் வண்டி எனக்கு."

பின்னாலேயே கார் வந்து நின்றது. அக்கா இறங்கி, கதவைத் திறந்து வைத்தாள். "பேசினது போதும். ஆளைத் தூக்கி உள்ள போடுங்க. நீங்க உங்க சைக்கிள்ல வாங்க. இந்தச் சேத்தோட என் கார்ல ஏற விடமாட்டேன்."

கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் அகோரப் பசி தெரிந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சகலையைப் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டுத் தன் வண்டியை எடுத்தார்.

கார் முன்னால் போக, மச்சினியும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் மிதித்துக்கொண்டு பின்னால் போனார்கள். லிஃப்ட்காரர் சீட்டில் எழுந்து உட்கார்ந்து, பின்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, வீடு வரைக்கும் பொறாமையோடு அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.