பகல் பன்னிரண்டு வரை

மூன்றாவது முறையும் அத்தை சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.

"பன்னெண்டுக்கு மேல கூப்பிடு குட்டி, நம்புறேன்." ஒவ்வொரு முறையும் அதே பதில்.

குட்டிக்கு முப்பத்தோரு வயது. கூடத்தில் அப்பா போர்வைக்குள் நீட்டிப் படுத்திருந்தார். காலை ஆறு மணிக்குப் பல் துலக்கப் போனவர் குளியலறை வாசலிலேயே சாய்ந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தாயிற்று. தகனத்துக்குப் பகல் பன்னிரண்டுக்கு இடம் கிடைத்திருந்தது. அதை விட்டால் மூன்று நாள் கழித்துத்தான். வண்டி பதினொன்றரைக்கு வந்துவிடும்.

தேதி ஏப்ரல் ஒன்று. சாக வேறு தேதி கிடைக்கவில்லை அந்த மனுஷனுக்கு.

அப்பா லிப்ட் மெக்கானிக். ஒரு ஏப்ரல் ஒன்றில் மாடிப்படிக்கு 'பழுது' என்று போர்டு மாட்டியவர். முதல் மாடிக்காரர்கள்கூட மறுபேச்சில்லாமல் லிப்டுக்கு வரிசை கட்டி நின்றார்களாம். அவருக்கும் அவர் அக்காவுக்கும் ஐம்பது வருஷப் போட்டி. விதி ஒன்றே ஒன்று: பகல் பன்னிரண்டுக்குள் ஏமாற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு சொல்வதெல்லாம் நிஜம்.

போன வருஷம் அத்தையைக் கவிழ்த்தது குட்டிதான். "அத்தை, அப்பா விழுந்துட்டாரு" என்று அவள் விக்கி விக்கி அழ, பக்கத்தில் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அத்தை வெட்டிக்கொண்டிருந்த சீருடைத் துணியை அப்படியே போட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு தையல்கடையிலிருந்து ஓடி வந்தாள். "அழுகைக்கு நூத்துக்கு நூறு" என்று அப்பா மார்க் போட்டார். இன்றைக்கும் அதே அழுகைதான். வேறொன்று அவளிடம் இல்லை.

அம்மாவைப் பேச வைத்தாள். "அண்ணி, அவரு..." என்பதற்குமேல் அம்மாவுக்கு வரவில்லை. மறுமுனையில் அத்தை கைதட்டினாள்.

"தேறிட்டியே நீ! போன தடவ கதவுக்குப் பின்னாடி நின்னு இளிச்சவதானே?"

அம்மா போனைக் குட்டியின் மடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் வாங்கிப் பேசினார். "போன வருஷம் டாக்டர்னு பேசுனது நீதானப்பா?" என்றாள் அத்தை. அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "அவங்க கேக்கறதும் நியாயம்தாம்மா. நான் வேணா நேர்ல போகட்டா?"

அத்தையின் தையல்கடை ஊரின் மறுகோடி. போனால் அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பன்னிரண்டு அடிக்கும்வரை கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருப்பாள். குட்டி தானே கிளம்பலாமென்று செருப்பை மாட்டினாள். யாரோ தகனப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டு வந்து நின்றார்கள், கிளம்ப முடியவில்லை.

பத்து மணி ஆனது. குட்டி பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி அத்தையைக் கூப்பிட்டாள்.

"என்னடி, இன்னுமா விடல?"

"தோத்துட்டோம் அத்தை."

"அப்படி வா வழிக்கு."

"பொய்யாத்தான் படுத்திருக்காரு. நீ வந்தாத்தான் எழுந்திருப்பேன்னு ஒரே அடம். தெருவே கூடிருச்சு, மானம் போகுது. வந்து எழுப்பி விடேன்."

"கண்ண மூடிருக்கானா?"

"ம்."

"மூச்சு?"

"புடிச்சுட்டு... இருக்காரு."

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "இரு, வண்டி புடிச்சு வரேன். எப்படி எழுப்புறேன்னு மட்டும் பாரு. அவன்கிட்ட மூச்சு விட்டுடாத."

"சொல்லல அத்தை."

போனை வைத்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. வாசலிலேயே மடக்கிச் சொல்லிவிட வேண்டும். வீட்டெதிரே தெருவில் போய் நின்றாள். மூன்று வாக்கியங்களை மனதுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் போன வருஷம் சொன்ன மாதிரியே இருந்தது. பதினொன்று. பதினொன்று பத்து. வந்த ஒவ்வொரு வண்டிக்குள்ளும் எட்டிப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள்.

வீட்டுக்குள் திடீரென்று பேச்சுச் சத்தம் நின்றது.

ஏமாற்ற வருகிறவள் முன்வாசல் வழியாகவா வருவாள்? குட்டி ஓடினாள்.

அத்தை சமையலறைக் கதவு வழியாக நுழைந்திருந்தாள். உதட்டில் விரல் வைத்துக் கூட்டத்தை அடக்கி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கண்ணடித்துவிட்டு, அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். போர்வையை ஒதுக்கினாள். உள்ளங்காலில் விரலால் மெதுவாக ஒரு கோடு இழுத்தாள்.

"டேய், போதும்டா. உம் பொண்ணே ஒத்துக்கிட்டா."

இன்னொரு கோடு. மூன்றாவது பாதியில் நின்றது.

அம்மா சுவரிலிருந்து திரும்பினாள். குட்டி வாயைத் திறந்தாள். மூன்று வாக்கியத்தில் ஒன்றுகூட வரவில்லை.

அத்தை அந்தப் பாதத்தை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டாள்.

"சில்லுன்னு இருக்கு," என்றாள். "சாக்ஸ் இல்ல இந்த வீட்ல?"

குட்டி அலமாரியைக் கலைத்தாள். ஜோடி சேரவில்லை, ஒன்று நீலம், ஒன்று சாம்பல். இரண்டையும் நீட்டினாள். அத்தை நிமிராமல் வாங்கினாள். நீலத்தை மாட்டி, குதிகால் குதிகாலில் உட்காரும்படி, தையல் விரல்நுனியில் நேராக வரும்படி இழுத்துவிட்டாள்.

வெளியே வண்டி பின்பக்கமாக நகர்ந்து வாசலில் ஒட்டி நின்றது.

அத்தை சாம்பல் சாக்ஸை உள்வெளியாகத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நீட்டிக்கொண்டிருந்த பிசிறு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.